இரண்டு நூல்

பந்து பட்டுவிட்டது என்றுதான் தெருவுக்குச் சொன்னேன்.
சில்லெல்லாம் வெளியே விழுந்து கிடந்ததை
யாரும் கணக்கில் எடுக்கவில்லை.
பிரின்ஸ்டனை அவன் அம்மா
ஓலைமட்டையால் இரண்டு வைத்தாள்.
நான் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

எறிந்தது எவர்சில்வர் டம்ளர்.
எறிந்தவன் நான்.
தடைக்காலத்தின் இருபத்து மூன்றாம் நாள்.
போட்டெல்லாம் நங்கூரத்தில் தூங்க
வீட்டுக்குள் நான் மட்டும் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்.
டெல்பின் கேட்டது ஒரே கேள்வி:
செயின் எந்தக் கடையில் இருக்கு?

ஜன்னலில் அவள் கட்டியது
போன வருசத்துக் கொடியேற்ற பிளக்ஸ்.
கச்சான் காற்று ராத்திரியெல்லாம் அதை உப்பவைத்தது.
பாய் விரித்த வீடு
பாம்பனை விட்டுக் கிளம்பப் பார்த்தது.
அரைத்தூக்கத்தில் சுக்கானைத் தேடி
கட்டில் காலைப் பிடித்தேன்.
அவள் சிரித்தாளா, இருமினாளா தெரியவில்லை.
முதுகுதான் தெரிந்தது.

எத்தனை பாகம் தண்ணி,
அடியில் சேறா பாறையா
கயிறு விடாமலே சொல்வேன்.
கண்ணாடிக்கு அளவெடுக்க
கையில் கிடைத்த நரம்பை இழுத்துப் பிடித்து
முடிச்சுப் போட்டுக்கொண்டு ராமநாதபுரம் போனேன்.
கடைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்தார்.
"தூண்டில் போடவா வந்தீங்க?
இஞ்ச் சொல்லுங்க, நூல் சொல்லுங்க.
ஒரு நூல் கூடினாலும் உட்காராது."
நரம்பை டேப்பின்மேல் மறுபடி இழுத்துப் பிடித்தேன்.
வைரமுனை கிறீச்சென்று ஓடியதும்
பிஸ்கட் மாதிரி விண்டு கொடுத்தார்.

பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட்.
பேப்பர் சுற்றி மடியில் நிறுத்தி
உச்சிப்புளி, மண்டபம்,
பாலத்தில் காற்று அறைந்தபோது
இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.
பிறந்த மகளை இப்படித் தூக்கியதில்லை.
அப்போது நான் கடலில்.

உட்காரவில்லை.
அகலத்தில் இரண்டு நூல் அதிகம்.
இழுத்த நரம்பு
இழுத்தவன் அளவைத்தானே சொல்லும்.

மறுநாளும் அதே பஸ், அதே கண்டக்டர்.
"என்ன, மறுவீடா?" என்றார்.
திரும்பும்போது ஒரு ரப்பர் பந்தும் வாங்கினேன்.
அரண்மனை வாசல் அடகுக்கடையைத் தாண்டும்போது
கண்ணாடியை அந்தப் பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணாடி போட இரண்டு ஆள் வேண்டும்.
உள்ளே நின்று ஒருத்தர் சட்டம் அடிக்க
வெளியே நின்று ஒருத்தர் தாங்கவேண்டும்.
நான் கூப்பிடவில்லை.
ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நண்டுக் கம்பெனியிலிருந்து வந்தவள்
பையைத் தரையில் வைத்தாள்,
வீட்டைச் சுற்றிப் போனாள்,
இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் ஊன்றினாள்.

ஒன்பது நாளுக்குப் பிறகு
இவ்வளவு பக்கத்தில் அந்த முகம்.
இந்தப் பக்கம் காற்று நின்றுவிட்டது.
அந்தப் பக்கம் அவள் முடி பறந்தது.
உதடு அசைந்தது.
மறுபடியும் அசைந்தது.
எனக்குத் தெரியாதா, அதே கேள்விதான்.
சுத்தியலை இறக்கிவிட்டுச் சொன்னேன்,
கடைப் பேரை, வாங்கிய பணத்தை,
எந்த மாசம் என்பதை, வட்டியை.

பதினாறு ஆணியும் இறங்கியபின் உள்ளே வந்தாள்.
"ஆணி கோணலாப் போகுதுன்னு கத்துறேன்,
ஜெபம் சொல்ற மாதிரி வாயசைக்கிறீங்க.
என்ன சொன்னீங்க?"

நடுவில் ஒன்றும் இல்லாமல்
அதையே திருப்பிச் சொல்ல
பொழுது இருட்டிவிட்டது.

பந்தைக் கொடுத்தபோது
பிரின்ஸ்டன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இது என் பந்து இல்ல மாமா."
உன் பந்து படவே இல்லடா, என்றேன்.
அவன் அம்மா மீன் ஆய்வதை நிறுத்தி,
வைத்த இரண்டையும் யாருக்குத் திருப்பிக் கொடுக்க
என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

மூன்றாவது ஆணி கோணல்தான்.
வெளிப்பக்கம் பத்து விரல்,
நண்டுப் பிசுக்கோடு.
உப்பு முதலில் அங்கேதான் ஏறுகிறது.
துடைக்கச் சொல்கிறாள்.
நாளைக்கு என்கிறேன்.

நசுங்கின டம்ளரில்தான் எனக்கு டீ.
கீழே வைத்தால் சாய்ந்துவிடும்.
குடித்து முடிக்கும்வரை
கையிலேயே பிடித்திருக்கிறேன்.